லைப்ரரி வேலையில் சேர்ந்தாயிற்று, இனி எதைப் படிப்பது?

பி.லிப்., எம்.லிப். முடித்துவிட்டு குமரி மாவட்டத்தில் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் ஏதோ ஒரு கல்லூரி நூலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். புத்தகங்களை வகைப்படுத்தும் டூயி பகுப்பும் கோலன் பகுப்பும் தெரியும். கேட்லாக் போடத் தெரியும். சேர்ந்த முதல் மாதத்திலேயே முதல்வர் கூப்பிட்டு, "கட்டுரைக்கெல்லாம் டி.ஓ.ஐ. வேணுமாமே, அது என்னது?" என்பார். (இணையத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் தரும் நிரந்தர அடையாள எண் அது.) அடுத்த வாரம் ஒரு பேராசிரியர் வந்து, எந்த ஜர்னலில் போட்டால் பதவி உயர்வுக்குச் செல்லும் என்று கேட்பார். அதற்கடுத்து யாராவது செயற்கை நுண்ணறிவு பற்றி மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் பேசச் சொல்வார்கள். படித்துவிட்டு வந்த பாடம் அதற்குள் பழசாகிவிட்டதோ என்று தோன்றும். பாதி உண்மைதான்.

நூலகம், தொழில்நுட்பம், டிஜிட்டல் ஆய்வு மூன்றிலும் நடப்பதைப் பெரிய செலவில்லாமல், வாரத்துக்கு இரண்டு மணி நேரத்தில் தொடர்ந்து படித்துவருவது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். சென்னையில் இருப்பவர்களுக்குக் கருத்தரங்கும் பயிலரங்கும் பக்கத்திலேயே நடக்கும். நமக்குச் சென்னை ஏறக்குறைய 700 கிலோமீட்டர். ஆனால் திருவனந்தபுரம் நாகர்கோவிலிலிருந்து 70 கிலோமீட்டருக்குள்தான். இது பின்னால் உதவும்.

முதலில் நோட்டு, அப்புறம் ஜர்னல்

பெரும்பாலானவர்கள் தொடங்கும் விதம் இதுதான். சீனியர் ஒருவரிடம் நல்ல ஜர்னல் லிஸ்ட் கேட்பார்கள். நாற்பது, ஐம்பது பெயர்களோடு ஒரு பட்டியல் வரும். எல்லாவற்றிலும் மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிவு செய்வார்கள். மூன்றாம் வாரம் இன்பாக்ஸைத் திறக்கவே அலுப்பாக இருக்கும். பட்டியலில் தவறு ஒன்றுமில்லை. உங்கள் நூலகத்துக்கு என்ன தேவை என்பது அந்தப் பட்டியலைப் போட்டவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அதனால் முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கிக் கவுன்டரில் வையுங்கள். இரண்டு வாரத்துக்கு, உடனே பதில் சொல்ல முடியாத கேள்வி எது வந்தாலும் தேதி போட்டு அதில் எழுதுங்கள். "வாசகர் தேவை: மின்வளம்" என்றெல்லாம் அலுவலக பாஷையில் சுருக்க வேண்டாம். கேட்டவர் சொன்னபடியே எழுதுங்கள். நம் பக்கத்து நூலகம் ஒன்றில் அந்தப் பக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"சார், இந்த ஜர்னல்ல ஆர்ட்டிகிள் போட்டா செல்லுமா? நாலாயிரம் ரூபா கேக்காங்க."

"மேடம், சாட்ஜிபிடி தந்த ரெஃபரன்ஸ்ல பாதி எங்க தேடியும் கிடைக்கல்ல."

"கேட்லாக்ல தமிழ்ல அடிச்சா புக் ஏன் வரமாட்டேங்கு?"

"தோள்சீலைப் போராட்டம் பத்தி அந்தக் காலத்து ரெக்கார்டு இங்க இருந்தே பாக்க முடியுமா?"

இரண்டு வாரம் கழித்து, கேள்விகளை மூன்று கட்டாகப் பிரியுங்கள். ஜர்னல், வெளியீடு, காப்புரிமை, கருத்துத் திருட்டு எல்லாம் ஒரு கட்டு. மென்பொருள், கேட்லாக், பேக்கப், வீட்டிலிருந்து இ-ஜர்னல் திறப்பது எல்லாம் இன்னொன்று. பழைய ஆவணம், ஸ்கேன், வரைபடம், படத்திலிருக்கும் எழுத்தைப் படித்துத் தரும் எழுத்துணரி (ஓ.சி.ஆர்.), தரவு எல்லாம் மூன்றாவது. இதைத்தான் டிஜிட்டல் ஆய்வு என்கிறோம். செயற்கை நுண்ணறிவு பற்றிய கேள்வி மூன்றிலும் வரும், எங்கே கனமாக விழுகிறதோ அங்கே போடுங்கள். எந்தக் கட்டு பெரிதோ, முதல் ஆறு மாதம் உங்கள் நேரத்தில் பாதி அதற்கு.

பொது நூலகத்தில் இருப்பவர்களுக்குக் கட்டுகள் வேறாக அமையும். போட்டித் தேர்வு, குழந்தைகள், மின்னூல், முதியவர்களுக்குக் கணினி என்று கேள்விகள் வரும். ஆனாலும் முறை ஒன்றுதான்.

மூன்று இதழ் போதும்

இப்போது ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு இதழ் தேர்ந்தெடுங்கள். ஒன்றே ஒன்று. கீழே நான் சொல்வதெல்லாம் பணம் கட்டாமல் முழுக்கட்டுரையையும் படிக்கக்கூடியவை.

இந்திய நிலைமை தெரிய வேண்டுமென்றால் இரண்டு இதழ்கள் இருக்கின்றன. ஒன்று 1954 முதல் வரும் 'அன்னல்ஸ் ஆஃப் லைப்ரரி அண்ட் இன்ஃபர்மேஷன் ஸ்டடீஸ்', இப்போது சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனமான நிஸ்பர் வெளியிடுகிறது. மற்றது பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் ஆவண மையம் டெசிடாக் நடத்தும் ஜர்னல். இரண்டும் நல்ல இதழ்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: இவற்றில் எண்ணிக்கைக் கட்டுரைகள் நிறைய வரும். இந்தத் துறையில் இத்தனை ஆண்டில் எத்தனை கட்டுரை வந்தது, எந்த நாடு எத்தனை, யார் அதிகம் என்று அட்டவணை அட்டவணையாகப் போகும். முனைவர் பட்டத்துக்கு அது உதவும். கவுன்டரில் நிற்பவருக்கு அதில் கிடைப்பது கொஞ்சம்தான். தலைப்பைப் பார்த்துவிட்டு தயங்காமல் தாண்டிப் போங்கள். அதேபோல நம் நூலகத் துறையின் முன்னோடி ரங்கநாதனின் ஐந்து விதிகளில் தொடங்கி மூன்றாம் பக்கம் வரை விஷயத்துக்கு வராத கட்டுரைகளையும் தாண்டலாம். அவர் 1931-இல் எழுதிய நூலையே நேரடியாகப் படிப்பது அதைவிட லாபம், சுவாரசியமும்கூட.

தொழில்நுட்பக் கட்டுக்கு என் தேர்வு 'கோட்ஃபோர்லிப் ஜர்னல்'. 2007-இல் தொடங்கியது. நூலகத்துக்குள் கணினி வேலை பார்ப்பவர்களே எழுதுகிறார்கள். என்ன செய்தோம், எங்கே சிக்கியது, எப்படிச் சரிசெய்தோம் என்று இருக்கும். நடுவில் நிரல் வரும். புரியவில்லை என்றால் பரவாயில்லை. முதல் இரண்டு பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படித்தாலே, இந்தப் பிரச்சினை நமக்கும் உண்டா, தீர்க்க முடிகிற அளவில்தான் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இது கடினம் என்று தோன்றினால், அமெரிக்க நூலகச் சங்கத்தின் 'இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி அண்ட் லைப்ரரீஸ்' கொஞ்சம் இளைப்பாறுதலாக இருக்கும். கல்லூரி நூலகப் பணி, வெளியீடு பற்றியதென்றால் 'காலேஜ் அண்ட் ரிசர்ச் லைப்ரரீஸ்' இருக்கிறது.

டிஜிட்டல் ஆய்வுக்கு இதழைவிட முதலில் 'புரோகிராமிங் ஹிஸ்டோரியன்' போதும் என்பேன். அது கட்டுரைத் தொகுப்பு அல்ல, செய்து பார்க்கும் பாடங்களின் தொகுப்பு. ஒவ்வொரு பாடத்தையும் வேறு அறிஞர்கள் சரிபார்த்த பிறகே வெளியிடுகிறார்கள். ஆங்கிலம், ஸ்பானிஷ், பிரெஞ்சு, போர்ச்சுகீசியம் நான்கிலும் இருக்கிறது. தமிழில் இல்லை. பாடங்களில் கை பழகிய பிறகு 'டிஜிட்டல் ஹியுமானிட்டீஸ் குவார்ட்டர்லி' பக்கம் போகலாம். முதல் நாளே அதைத் திறந்தால் இது நமக்கில்லை என்ற எண்ணம் வந்துவிடும்.

தேடிப் போகாமல் வரவழைப்பது

ஒவ்வொரு இதழின் தளத்துக்கும் மாதாமாதம் போய்ப் பார்ப்பது நடக்காத காரியம். கல்லூரியைத் தரமதிப்பிட நாக் குழு வருகிற மாதத்தில் சாப்பிடவே நேரம் இருக்காது. புதிய கட்டுரை தானாக வந்து சேர ஏற்பாடு வேண்டும். அதற்கு இரண்டு வழி.

ஒன்று, ஆர்.எஸ்.எஸ். ஃபீட். (பெயரைக் கேட்டதும் நம் மாவட்டத்தில் வேறு நினைவுதான் வரும். இது அதுவல்ல, தளத்தில் புதிதாக என்ன ஏறியது என்று சொல்லும் ஒரு கோப்பு.) இதற்காகத் தனியாக ஆப் வேண்டியதில்லை. மேற்கோள்களைச் சேர்த்துவைக்கும் ஜோட்டெரோ மென்பொருளை எப்படியும் ஆய்வு மாணவர்களுக்காகக் கற்றுக்கொள்ளத்தான் போகிறீர்கள். இலவச மென்பொருள், 2006 முதல் இருக்கிறது. அதில் புதிய லைப்ரரி பொத்தானை அழுத்தினால் 'நியூ ஃபீட்' என்று வரும். இதழின் ஃபீட் முகவரியை அங்கே ஒட்டினால் போதும். ஃபீடின் பெயர் இடப்பக்கம் வந்து நிற்கும், அதை அழுத்தினால் புதிய கட்டுரைகளின் தலைப்பு நடுவில் வரும். வேண்டியதை ஒரே அழுத்தில் உங்கள் சேகரிப்புக்கு மாற்றலாம். மற்றவை கொஞ்ச நாளில் தானே போய்விடும். இந்தத் தானே போய்விடும் குணம்தான் இதில் எனக்குப் பிடித்தது. மின்னஞ்சல் அப்படிப் போகாது, உட்கார்ந்துகொண்டு உறுத்தும்.

இரண்டாவது, கூகுள் ஸ்காலர் அலர்ட். இதில் இதழைத் தொடர்வதற்குப் பதிலாக உங்கள் கேள்வியைத் தொடரலாம். நோட்டில் இருக்கும் கேள்வியை இரண்டு மூன்று சொல்லாக்கி, மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். முடிவுப் பக்கத்திலேயே அலர்ட் உருவாக்கும் வசதி இருக்கும். பொதுவான சொல்லைப் போட்டால் குப்பை வந்து குவியும். 'டிஜிட்டல் லைப்ரரி' என்று போடாதீர்கள். 'கோஹா' (ஒரு நூலக மென்பொருள்) என்பதோடு 'தமிழ்' சேர்த்துப் போடுங்கள், 'ஓ.சி.ஆர்.' என்பதோடு 'பனையோலை' சேர்த்துப் போடுங்கள். ஆங்கில எழுத்தில் ஒன்று, தமிழ் எழுத்தில் ஒன்று என்று இரண்டு அலர்ட் வையுங்கள். மொத்தம் ஐந்துக்கு மேல் வேண்டாம்.

பணம் கேட்கும் கட்டுரை வந்தால்

தலைப்பு அருமையாக இருக்கும், அழுத்தினால் நாற்பது டாலர் கேட்கும். விட்டுவிடாதீர்கள், கட்டவும் கட்டாதீர்கள்.

நீங்கள் இருப்பது அரசு நிறுவனமென்றால், 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் உங்கள் நிறுவனம் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள் அதில் இருக்கின்றன. உதவி பெறும் கல்லூரியென்றால், காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் கல்லூரிகளுக்கு இ-ஜர்னல் தரும் என்-லிஸ்ட் திட்டத்தில் உறுப்பா என்று பாருங்கள். அதில் ஆளுக்கொரு கணக்கு உண்டு, வீட்டிலிருந்தும் திறக்கும். பழைய ஃபைலில் யூசர்நேம் கிடந்து, யாரும் தொடாமல் ஆண்டுக்கணக்காக இருக்கிற கல்லூரிகளும் உண்டு. புதிதாகச் சேர்ந்தவர் தோண்டி எடுத்தால் துறைத்தலைவர்களிடம் நல்ல பெயர் கிடைக்கும்.

இரண்டும் இல்லையென்றால், பிரவுசரில் அன்பேவால் என்ற நீட்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே கட்டுரையின் சட்டப்படியான இலவசப் பிரதி எங்காவது இருந்தால் அது காட்டும். நூலகத் துறைக்கென்றே ஈ-லிஸ் என்ற களஞ்சியம் இருக்கிறது. இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா. கடைசியில், கட்டுரை எழுதியவருக்கே இரண்டு வரி மின்னஞ்சல். பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள், யாரோ படிக்கக் கேட்கிறார்களே என்ற சந்தோஷம் அவர்களுக்கும் உண்டு.

ஒரு அறிக்கையை வைத்துப் படித்துப் பார்ப்போம்

இனிதான் முக்கியமான படி. கட்டுரையை இறக்கி வைப்பது படிப்பு ஆகாது. எப்படிப் படிப்பது என்பதற்கு ஒரு உதாரணத்தை முழுசாக எடுத்துக்கொள்வோம்.

2023 அக்டோபர் கடைசியில் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினி அமைப்பை ரைசிடா என்ற கும்பல் தாக்கி முடக்கியது. சுமார் 600 ஜி.பி. தரவைத் தூக்கிப் போய்விட்டார்கள். பணம் கேட்டார்கள், நூலகம் கொடுக்கவில்லை. ஆன்லைனில் கேட்லாக் தேடும் வசதி திரும்பிவரவே 2024 ஜனவரி ஆகிவிட்டது. அந்த மார்ச்சில் நூலகமே முன்வந்து, என்ன நடந்தது, எங்கே கோட்டை விட்டோம் என்று 18 பக்க அறிக்கை வெளியிட்டது. மூடி மறைக்காமல் இப்படி எழுதியதற்காகவே அதைப் படிக்கலாம். இலவசமாகக் கிடைக்கிறது.

முதல் வாசிப்புக்குக் கால் மணி நேரம் போதும். முதல் பக்கச் சுருக்கம், உள்தலைப்புகள், கடைசியில் பாடங்கள் என்று போட்டிருக்கும் பகுதி. அவ்வளவோடு நிறுத்திவிட்டு யோசியுங்கள்: நோட்டில் இருக்கும் எந்தக் கேள்விக்காவது இது பக்கத்தில் வருகிறதா? வரவில்லையென்றால் ஜோட்டெரோவில் போட்டுவிட்டு நகருங்கள். வருகிறது என்றால் இரண்டாம் வாசிப்பு. இப்போது கையில் பேனா வேண்டும். ஒரு தாளில் மூன்று பத்தி கோடு போட்டு 'அங்கே நடந்தது', 'காரணம்', 'நம்மிடம்' என்று தலைப்பிடுங்கள்.

அங்கே: வெளியிலிருந்து வேலை பார்ப்பவர்கள் நுழைவதற்காக வைத்திருந்த ஒரு சர்வர் வழியாகத்தான் உள்ளே வந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். காரணம்: அந்த வழிக்கு, பாஸ்வேர்டோடு போனுக்கு எண் அனுப்பிச் சரிபார்ப்பது போன்ற இரண்டாம் சோதனை இல்லை. நம்மிடம்: மென்பொருள் போட்டுத் தந்த ஆள் தூரத்திலிருந்து நுழைய ஏற்றிவைத்த ஆப் இன்னும் சர்வரில் இருக்கிறது. நிர்வாகப் பாஸ்வேர்டு மானிட்டரின் கீழே சீட்டில் ஒட்டியிருக்கிறது.

அங்கே: டிஜிட்டல் சேகரிப்புகளின் பாதுகாப்பான பிரதி இருந்தது, ஆனால் உடனே திரும்ப ஏற்ற முடியவில்லை. காரணம்: ஏற்றுவதற்கான சர்வர்களே நாசமாகிவிட்டன. நம்மிடம்: பேக்கப் தினமும் எடுக்கிறோம். எங்கே? அதே கணினியின் டி டிரைவில். ஐப்பசி இடிமின்னலில் அந்தக் கணினி போனால் இரண்டும் சேர்ந்து போகும். வேறு கணினியில் ரீஸ்டோர் செய்து யாராவது பார்த்திருக்கிறார்களா? இல்லை.

அங்கே: பழைய மென்பொருள்கள் பல, தாக்குதலுக்குப் பிறகு திரும்ப எழுந்திருக்கவே இல்லை. காரணம்: அவற்றைத் தயாரித்தவர்களின் ஆதரவு நின்றுபோயிருந்தது, அல்லது புதிய பாதுகாப்பான அமைப்பில் அவை ஓடாது. நம்மிடம்: விண்டோஸ் 7.

இந்தத் தாள் கையில் இருந்தால், லண்டனில் நடந்த ஒரு பெரிய விஷயம் நம் கல்லூரிக்கு ஒரு வெளி ஹார்ட் டிஸ்க், பாஸ்வேர்டு மாற்றம், ஒரு சனிக்கிழமை ரீஸ்டோர் சோதனை என்று மூன்று வேலையாகச் சுருங்கிவிடும். அதை அரைப் பக்கத்தில் எழுதி முதல்வரிடம் கொடுங்கள். 18 பக்கத்தை அவர் படிக்க மாட்டார். அரைப் பக்கத்தைப் படிப்பார், ஹார்ட் டிஸ்க்குக்குக் கையெழுத்தும் போடுவார்.

எல்லாக் கட்டுரைக்கும் இவ்வளவு உழைக்க முடியாது. மாதத்துக்கு ஒன்று போதும். மற்றதெல்லாம் கால் மணி நேர வாசிப்பு. கட்டுரையைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துச் சுருக்கம் வாங்கலாமா என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். படிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வாங்கலாம். ஆனால் அந்த மூன்றாம் பத்தியை அது நிரப்பாது. உங்கள் டி டிரைவ் அதற்குத் தெரியாது.

நம்பலாமா என்று பார்ப்பது

நாலாயிரம் ரூபாய் கேட்கும் ஜர்னல் பற்றி ஆசிரியர்கள் உங்களிடம்தான் வருவார்கள். முன்பெல்லாம் யு.ஜி.சி. ஏற்ற இதழ்களின் பட்டியலான கேர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லிவிடலாம். 2025 பிப்ரவரியில் யு.ஜி.சி. அந்தப் பட்டியலை நிறுத்திவிட்டதாக அறிவித்தது. இன்னும் 'கேர் லிஸ்டட்' என்று விளம்பரம் செய்துகொண்டிருக்கும் இதழைக் கண்டால் அங்கேயே ஒரு சந்தேகக் குறி போடுங்கள். அப்புறம் இதழின் அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என். எண்ணை அதன் அதிகாரபூர்வத் தளத்தில் அடித்து, அதே பெயர்தான் வருகிறதா என்று பாருங்கள். யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த இதழ் என்றால், அத்தகைய இதழ்களுக்கான டி.ஓ.ஏ.ஜே. பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆசிரியர் குழுவில் இருக்கும் ஒருவரின் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், அவர் இந்த இதழைக் குறிப்பிட்டிருக்கிறாரா என்று பாருங்கள். 'மூன்று நாளில் வெளியிடுவோம்' என்று போட்டிருந்தால் மேலே எதையும் பார்க்க வேண்டியதில்லை.

கிடைக்காத ரெஃபரன்ஸ் விஷயம் இதைவிட எளிது. டி.ஓ.ஐ. இருந்தால் அதன் தளத்தில் ஒட்டிப் பாருங்கள்; வேறு கட்டுரை திறந்தாலோ ஒன்றுமே திறக்காவிட்டாலோ அது பெரும்பாலும் இட்டுக்கட்டியதுதான். எண் இல்லாவிட்டால், அந்த இதழின் அந்த ஆண்டு, அந்தத் தொகுதி, அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று நேராகப் போய்ப் பாருங்கள். மாணவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்தால் அடுத்த முறை அவரே செய்வார். திரும்பப் பெறப்பட்ட கட்டுரையா என்று பார்க்க ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளம் இருக்கிறது. 2023-இல் டி.ஓ.ஐ. எண்களைப் பதியும் அமைப்பான கிராஸ்ரெஃப் அதை வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது.

மென்பொருள் விற்பவர்கள் எழுதும் 'ஆய்வறிக்கை'களும் உங்களுக்கு வரும். படியுங்கள். யார் எழுதியது என்பதை மேலே பெரிதாக எழுதிவைத்துக்கொண்டு படியுங்கள்.

குமரிக்காரர்களுக்கென்று சில விஷயம்

டிஜிட்டல் ஆய்வு என்றதும் ஏதோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். நம் மாவட்டத்தின் பழைய வரலாற்றைத் தேடுகிற எவருக்கும் அது இல்லாமல் முடியாது. 1956 நவம்பர் 1 வரை இது தமிழ்நாட்டிலேயே இல்லை, திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. தோள்சீலை பற்றிக் கேட்ட மாணவியையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வேண்டிய அரசு ஆவணம் திருவனந்தபுரத்தில் இருக்கும். லண்டன் மிஷன் சங்கத்தார் மயிலாடியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் நெய்யூரிலிருந்தும் எழுதிய கடிதங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் நூலகத்தில் இருக்கின்றன. மிஷனரி சாமுவேல் மட்டீர் திருவிதாங்கூர் பற்றி எழுதிய நூல்களை இன்டர்நெட் ஆர்க்கைவிலிருந்து இன்றே இறக்கலாம். திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையின் தொகுதிகளும் அங்கே கிடைக்கும்.

இறக்கியதும் சிக்கல் தொடங்கும். அந்த மிஷன் நூல்களில் நம் ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் கண்டபடி இருக்கும். நாகர்கோவிலுக்கே மூன்று நான்கு விதம். இரணியல், தக்கலை, குளச்சல் எதுவும் தப்பவில்லை. இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் பாதிப் பக்கம் கிடைக்காது. இங்கேதான் புரோகிராமிங் ஹிஸ்டோரியன் பாடம் கைகொடுக்கும். அதில் ஓப்பன்ரிஃபைன் என்ற இலவச மென்பொருளால் தரவைச் சுத்தம் செய்வது பற்றி ஒரு பாடம் இருக்கிறது. பாடத்தில் தரும் மாதிரித் தரவோடு நிற்காமல், மட்டீர் நூலில் வரும் ஊர்ப் பெயர்களையோ, உங்கள் கல்லூரி ஆண்டுமலரின் பழைய பட்டியலையோ தட்டச்சு செய்து அதில் போடுங்கள். ஒத்த பெயர்களைக் கூட்டம் சேர்க்கும் வசதி ஒன்று உண்டு. அது நாகர்கோவிலின் எல்லா வடிவத்தையும் ஒன்றாக்கலாமா என்று கேட்கும். சரி என்று சொல்லலாம். தேடல் அளவைக் கொஞ்சம் தளர்த்தினால் நெய்யூரையும் நெய்யாற்றையும்கூட ஒன்றாக்கலாமா என்று கேட்கும், ஆங்கிலத்தில் இரண்டும் அவ்வளவு நெருக்கம். ஒன்று ஊர், இன்னொன்று ஆறு என்று அந்த மென்பொருளுக்குத் தெரியாது. கல்குளம், விளவங்கோடு பக்கம் வளர்ந்த உங்களுக்குத் தெரியும். டிஜிட்டல் ஆய்வில் உள்ளூர் நூலகர் எதற்கு என்று யாராவது கேட்டால் இந்த இடத்தைக் காட்டுங்கள்.

தமிழில் அடித்தால் புத்தகம் வராத கேட்லாக் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா நூலகத்திலும் இந்தக் கேள்வி வருகிறது. இரண்டு காரணம் இருக்கலாம். பழைய பதிவுகள் ஒருங்குறிக்கு (யூனிகோட்) முந்தைய ஏதோ எழுத்துருவில் அடித்தவையாக இருக்கலாம். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே வேறு எழுத்துகள்தான். அல்லது ஒருங்குறியிலேயே 'கொ'வில் ககரத்தோடு சேரும் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் அடிக்கலாம், ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கணினிக்குத் தெரியும். இரண்டையும் ஒன்றாக்கும் வேலைக்கு நார்மலைசேஷன் என்று பெயர். இந்த ஒரு சொல்லை அலர்ட்டில் சேர்த்துவைத்தாலே உருப்படியான கட்டுரைகள் வரும்.

தமிழில் தொடர்ந்து பார்க்க வேண்டியவை: தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், ஈழத்து ஆவணங்களைச் சேர்க்கும் நூலகம் நிறுவனம், சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். இவற்றில் புத்தகம் தேடுவதோடு நிற்காமல், ஸ்கேன் எப்படிச் செய்கிறார்கள், விவரத்தை எப்படிப் பதிகிறார்கள் என்றும் கவனியுங்கள். மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய. அவர்கள் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகம் திறந்திருக்கும், மிஷனரி ஹெர்மன் குண்டர்ட்டின் மலையாள நூல், கையெழுத்துத் தொகுப்பையும் பார்க்கலாம். பழைய அச்சு, கையெழுத்து, எழுத்து வடிவ மாற்றம் என்று நம்முடைய அதே பிரச்சினைகளை அவர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்று தெரியும்.

இன்னொன்று, கோஹா. நியூசிலாந்தில் ஒரு மாவட்டத்தின் நூலகங்களுக்காக எழுதப்பட்டு 2000-இல் ஓடத் தொடங்கிய மென்பொருள். கேரளத்தில் பல கல்லூரிகள் அதில்தான் இயங்குகின்றன. அதைப் பற்றி இருபது கட்டுரை படிப்பதைவிட, ஒரு நாள் காலை ரயிலேறித் திருவனந்தபுரம் போய், முன்கூட்டியே சொல்லிவைத்து, ஒரு கல்லூரி நூலகத்தில் இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது மேல். அப்புறம் கட்டுரைகளைப் படித்தால் வேகமாகப் புரியும். ஆன் டியூட்டி கேட்டுப் பாருங்கள், தராவிட்டால் சி.எல். போட்டாவது போகலாம்.

நாலு பேர் சேர்ந்தால்

தனியாகப் படிப்பவர் ஆறு மாதத்தில் நிறுத்திவிடுவார். மார்த்தாண்டத்தில் ஒருவர், தக்கலையில் ஒருவர், நாகர்கோவிலில் இரண்டு பேர் சேர்ந்தால் ஓடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு நூலகத்தில் கூடுங்கள். ஆளுக்கு ஒரு கட்டுரை, பத்து நிமிடம், தமிழில். பவர்பாயிண்ட் கூடாது, போட்டால் அது செமினார் ஆகிவிடும், செமினார் என்றால் பொன்னாடை வந்துவிடும்.

வாட்ஸ்அப் குழு தொடங்கினால் முதல் நாளே ஒரு விதி வையுங்கள். பி.டி.எஃப். மட்டும் அனுப்பக் கூடாது. இது எதைப் பற்றி, எதற்காக அனுப்புகிறேன், எந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று தமிழில் மூன்று வரி எழுதித்தான் அனுப்ப வேண்டும். இந்த விதி இல்லாத குழுக்கள் ஒரு மாதத்தில் காலை வணக்கப் படங்களுக்குப் போய்விடும்.

நேரத்தைப் பொறுத்தவரை, கவுன்டரில் கூட்டம் குறைவான ஒரு நேரத்தை வாராவாரம் நிர்ணயித்துக்கொள்ளுங்கள். அதை வேலை நேரமாகவே கணக்கிடுங்கள், கேட்பவர்களிடம் அப்படியே சொல்லுங்கள். இரண்டு வாரம் தவறிப்போய் ஃபீடில் இருநூறு தலைப்பு சேர்ந்துவிட்டால், எல்லாவற்றையும் படித்ததாகக் குறித்துவிட்டு இன்றைய தேதியிலிருந்து தொடங்குங்கள். முக்கியமானது என்றால் வேறு வழியில் திரும்ப வந்தே தீரும்.

ஜூனிலும் டிசம்பரிலும் ஃபீட் பட்டியலை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். ஒருகாலத்தில் எல்லோரும் படித்த 'டி-லிப் மேகசின்' 1995 முதல் வந்து 2017-இல் நின்றுவிட்டது. அப்படி நின்றுபோனதும் இருக்கும், வந்துகொண்டிருந்தும் ஆறு மாதமாக ஒரு கட்டுரையைக்கூட நீங்கள் திறக்காததும் இருக்கும். இரண்டையும் நீக்குங்கள். பிறகு கவுன்டர் நோட்டை இன்னொரு இரண்டு வாரத்துக்குத் திறந்துவைத்து, புதிதாக என்ன கேட்கிறார்கள் என்று பார்த்து, காலியான இடத்துக்கு அதற்கேற்ற ஒன்றைத் தேடுங்கள்.